தேன் நக்காத கரடி

சுனைக்கரைக் காட்டில் நீலி என்றொரு கரடி தன் குட்டியோடு இருந்தாள். அவள் தேனை விட்டு வெகுகாலம் ஆயிற்று. கரையானும் கிழங்கும்தான் சாப்பாடு. ஆனாலும் தாகம் அடங்கவில்லை, காலில் பட்ட புண்ணும் ஆறவில்லை. அவள் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது.

நரி அதைப் பார்த்துவிட்டது. போதாதா? காட்டையே கூட்டிவிட்டது.

"பாருங்க! திருட்டுத்தனமா தேன் நக்குறா! வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு நோய் வராம என்ன செய்யும்?"

"நான் தொடவே இல்லை!" என்றாள் நீலி.

"எறும்பு பொய் சொல்லுமா?" என்று இளித்தது குரங்கு.

"இனி உனக்குச் சுனைத் தண்ணி கிடையாது! குட்டியைக் கூட்டிக்கிட்டுக் காட்டை விட்டுப் போ!" என்றது நரி.

நல்ல கோடை. வேறெங்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை. தாகத்தில் தவிப்பவளுக்குத் தண்ணீர் கிடையாதாம்! இது எந்த ஊர் நியாயம்?

வைத்தியம் பார்க்கும் உடும்பு குறுக்கே வந்தது.

"நிறுத்துங்க! சிறுநீர்ல சர்க்கரை இருந்தா எறும்பு வரும். அது தேன்ல இருந்துதான் வரணுமா? கிழங்கு தின்னாலும் ரத்தத்துல சர்க்கரை ஏறும். சாப்பிட்டதும் குடல் ஒரு தூதனை அனுப்பும். 'சர்க்கரையை இறக்க இன்சுலினை விடு'ன்னு அவன் கணையத்துக்குச் சொல்லணும். நம்ம எல்லார் உடம்புலயும் ஒரு நொதி, அதான் என்சைம், இருக்கு. அது அவனைச் சட்டுனு வெட்டிடும். வெட்டுப்படுறதுக்குள்ள அவன் சொன்னதே நமக்குப் போதும். இவளோட கணையம் சோர்ந்துபோச்சு. தூதன் நின்னு கூப்பிட்டாத்தான் அது எழுந்திருக்கும்!"

"அப்போ என்ன செய்யுறது?" என்றாள் நீலி.

"அந்த நொதியோட கையைப் பிடிச்சு வைக்க மருந்து இருக்கு, தாயி. தூதன் இன்னும் கொஞ்ச நேரம் பிழைச்சிருப்பான். அது வேலை செய்யுதான்னு பார்ப்போம். அதுவரைக்கும் யாராவது இவ தண்ணியைத் தடுத்தீங்க, நடக்குறதே வேற!"

நீலி அதே கிழங்கைத்தான் தின்றாள். கூடவே மருந்தும் சாப்பிட்டாள். நாளாக ஆகத் தாகம் தணிந்தது, புண் காய்ந்தது, எறும்பும் வரவில்லை.

நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தது. "சரி நீலி, போனா போகுது. காடே உன்னை மன்னிச்சிடுச்சு. இங்கேயே இரு."

நீலி இரண்டு காலில் எழுந்து நின்றாள்.

"மன்னிச்சீங்களா? நான் என்னடா தப்பு பண்ணேன்? தவிச்ச வாய்க்குத் தண்ணி இல்லைன்னு சொன்னது நீங்க! மன்னிப்புக் கேக்க வேண்டியவங்க மன்னிக்க வந்துட்டாங்களாம்!"

குரங்கு தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு எங்களோடதுதான், அக்கா" என்றது.

நோயாளியின் வாயைச் சந்தேகிக்கும் முன், அவருடைய நோய் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.