ஊதா நூல் கலைந்த எண்

இசக்கிமுத்துவுக்கு வயது நாற்பத்தொன்று. பகலில் குடிநீர் வாரியத்தில் வேலை, மாலையில் பொறியியல் படிப்பு. அவருடைய ஆசிரியை ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு.

திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. ரெக்கார்டு நோட்டில் ஆசிரியையின் கையெழுத்து இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். இசக்கிமுத்து ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டவர். மூன்றாவதும் போனால் படிப்பே போச்சு.

"மேடம், கண்ணாடிக் குழாய்ல தண்ணி ஓடும்போது நடுவுல ஊதாச் சாயம் விடுதோம்லா? நூல் மாதிரி நேராப் போவுது. வேகத்தக் கூட்டுனா ஒரு கட்டத்துல கலைஞ்சிருது. அப்போ ரெனால்ட்ஸ் எண் எல்லாருக்கும் ரெண்டாயிரம். எனக்கு மட்டும் நாலாயிரத்து அறுநூறு."

"எப்போ செஞ்சீங்க?"

"ஞாயித்துக்கிழம. லேப்ல ஒரு ஈ காக்கா இல்ல."

"மத்தவங்க?"

"அவங்க எங்க செஞ்சாங்க? சீனியர் நோட்டப் பாத்து எழுதுனாங்க. நானும் அழிச்சிட்டு ரெண்டாயிரம்னு போட்டுரட்டுமா?"

ஜெசிந்தா எழுந்து, ஆய்வகத்தில் குழாய்த் தொட்டியருகே போனார். செருப்பைக் கழற்றினார். மின்விசிறிகளை நிறுத்தினார். கதவைச் சாத்திவிட்டு, தொட்டித் தண்ணீர் அசைவில்லாமல் அடங்கட்டும் என்று ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பிறகு வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறந்தார். இசக்கிமுத்து அளவெடுத்து, வேகம் கூடக் கூட ஏறும் அந்த ரெனால்ட்ஸ் எண்ணைக் கணக்குப் போட்டார்.

"ரெண்டாயிரம்."

நூல் நேராக இருந்தது.

"நாலாயிரம்."

அப்போதும் நேராகத்தான் இருந்தது.

"ஆறாயிரம்! மேடம், ஆறாயிரம்!"

"மெதுவாப் பேசுங்க சார்."

இசக்கிமுத்து குழாயை ஒட்டிக் குனிந்து பார்த்தார். இருபது வருஷம் தண்ணீரோடு மாரடித்த மனுஷன், அது இவ்வளவு வேகத்தில் இவ்வளவு அமைதியாக ஓடி ஒருநாளும் பார்த்ததில்லை. சந்தோஷம் தாங்கவில்லை.

"ஒம்பதாயிரம்!" என்று கத்திக்கொண்டே, நின்ற இடத்தில் ஒரு குதி குதித்தார்.

தொட்டி அதிர்ந்தது. நூல் சுருண்டு கலைந்தது. குழாய் முழுக்க ஊதா.

"ஐயய்யோ, நாந்தான் கெடுத்துட்டேன்!"

தலையில் கை வைத்துக்கொண்டு நின்றவர், நோட்டை நீட்டினார்.

"இப்போ நான் எத எழுத மேடம்? ரெண்டாயிரமா, நாலாயிரத்து அறுநூறா, ஒம்பதாயிரமா?"

ஜெசிந்தா முதலில் கையெழுத்தைப் போட்டார்.

"நாலாயிரத்து அறுநூற அழிக்காதீங்க, அது ஆளில்லாத ஞாயித்துக்கிழமை எண். அதுக்குக் கீழ ஒம்பதாயிரம்னு எழுதுங்க," என்றார். "நீங்க குதிச்சதையும் எழுதுங்க சார்."