மூன்றாம் முறை எரிந்த விளக்கு

மேட்டுப்பாளையத்தில் கார் பழுது பார்க்கும் பரிமளாவிடம் குழந்தைசாமி தொழில் கற்க வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் லாரி ஓட்டியவர். பரிமளா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவர் அவளை அம்மணி என்பார். அவள் அண்ணா என்பாள்.

மழைக்காலத்தில் ஒரு காலை, மலைமேல் கோத்தகிரி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஹெலன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலில் கோளாறு என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை.

குழந்தைசாமியின் முகம் சுண்டிப்போயிற்று. முதல் தடவை, கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். பின்பக்க இடது சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் என்று காட்டியது. மாற்றினார். விளக்கு மறுபடி எரிந்தது. புதியதும் மட்டமோ என்று அதையும் மாற்றினார்.

"மத்தியானம் டியூட்டிக்கு மலை ஏறணுங்க. இன்னைக்கு விளக்கை மட்டும் அணைச்சுக் குடுங்க," என்றாள் ஹெலன்.

ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் அணைந்துவிடும்.

"அணைச்சுடட்டுங்களா அம்மணி?"

"வண்டியை ஜாக்கில தூக்குங்கண்ணா," என்றாள் பரிமளா.

தூக்கினார்.

"சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க."

ஆட்டினார். டக் என்றது. இன்னொரு தடவை ஆட்டினார்.

"பேரிங் போயிருச்சுங்க." குரல் இறங்கிவிட்டது. மழையில், கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டு தடவை அவர் அனுப்பிவைத்த வண்டி அது.

பரிமளா ஹெலனிடம் திரும்பினாள். "இந்தச் சக்கரத்தோட மலை ஏறக்கூடாதுங்க. நீங்க பஸ்ல போயிருங்க. வண்டி நாளைக்குத்தான்."

ஹெலன் அந்தச் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பிற்பகலில், சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் புதிதாக ஏறியது. சென்சார் படிப்பது பேரிங்கோடு சுற்றும் வளையத்தை. பேரிங் ஆடினால் வளையமும் ஆடும்; சென்சார் படிக்கும் அளவும் தப்பும்.

"முதல்ல கழட்டின சென்சாரையே மாட்டுங்கண்ணா."

"அந்தப் பழசையா?"

"அதைத்தான்."

மாட்டினார். மலையடிவாரத்துக் கல்லாறு வரை ஓட்டிப்போய்த் திரும்பினார்கள். விளக்கு எரியவில்லை.

குழந்தைசாமி வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அந்த சென்சார்ல என்னதான் கோளாறுங்க அம்மணி?"

"ஒண்ணுமில்லைங்கண்ணா. நல்லா இருந்ததாலதான் விடாம சொல்லிச்சு."