தெரியாதவர்கள் எழுந்து நில்லுங்கள்

கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனி. அங்கே தலைமைப் பொறியாளர் திருநாவுக்கரசு சொன்னதுதான் சட்டம். இணைய முகவரியைத் தட்டினால் அது சரியான சர்வரை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று ஒருநாள் மரியசெல்வியைக் கேட்டார். அவள் போன் செயலிகளில் தெரியும் திரைகளுக்கு நிரல் எழுதுபவள்.

“அது என் வேலைல வரல சார். கத்துக்கறேன்” என்றாள்.

“அடிப்படையே தெரியாதவளுக்கு இங்கே என்ன வேலை?” என்று எல்லார் முன்னாலும் கேட்டு, அவளை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, அன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த புது ஆள் இசக்கியப்பனைக் கூப்பிட்டார். “புரோகிராமர்னா கட்டாயம் என்ன தெரிஞ்சிருக்கணுமோ, அதுல எல்லாருக்கும் ஒரு பரீட்சை வை. தேறாதவங்க வீட்டுக்குப் போகட்டும். உன்னால முடியலன்னா நீயும் கிளம்பு.”

இசக்கியப்பன் அத்தனை பேரையும் கூட்டினான். “ஆளுக்கொரு அடிப்படைக் கேள்வி கேளுங்க. பதில் தெரியாதவங்க எழுந்து நில்லுங்க.”

திருநாவுக்கரசு கேட்ட அதே சர்வர் கேள்விக்குப் பாதிப் பேர் எழுந்தார்கள். அடுத்து ஒரு பெண் கேட்டாள்: “கண் தெரியாதவங்களுக்குத் திரைல இருக்கற பட்டனை போன் எப்படி வாசிச்சுக் காட்டுது?”

திருநாவுக்கரசே எழுந்தார். கேள்வி ஒரு சுற்று வந்து முடிந்தபோது உட்கார்ந்திருக்க ஆளில்லை.

“அதெல்லாம் என் வேலைல வராதேப்பா” என்றார் அவர்.

“மரியசெல்வி அக்காவும் அதைத்தானே சார் சொன்னாங்க?”

அவர் தன் அறைக்குப் போய் அவளுக்குப் போன் செய்தார். “தப்புப் பண்ணிட்டேம்மா. திரும்ப வந்துடு.”

“எனக்கு எதுவும் தெரியாதுன்னு நீங்க சொன்னதை நம்பிட்டேன் சார். அந்தத் தொழிலையே விட்டுட்டேன். இப்ப துணிக்கடைல பில் போடறேன்.”

அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.