குறையில்லாத இயங்குதளம்

நெடுங்குன்றச் சீமையை வீரகேசரி என்ற மன்னர் ஆண்டுவந்தார். அது எந்தக் காலம் என்று யாரும் கேட்க வேண்டாம். அரண்மனையில் யானையும் இருந்தது, கணினியும் இருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

அந்தக் கணினியில் அரண்மனைக்கு இணையப் பக்கங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தவள் அஞ்சுகம். கையும் சுறுசுறுப்பு, வாயும் சுறுசுறுப்பு. அவளுடைய நாற்காலியில் தன் தங்கை மகனை உட்காரவைக்க வேண்டும் என்பது பிரதானி திருமேனியாருக்கு நெடுநாள் ஆசை.

தேர்த் திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. பிரதானி மன்னர் காதில் போட்டார்.

"மகாராஜா, திருவிழாப் பக்கத்தை வெளிதேசத்தார் எல்லாம் பார்க்கப்போகிறார்கள். இந்த அம்மணி அதை எந்த இயங்குதளத்தில் செய்கிறாள் தெரியுமா?"

"இயங்குதளமா? அது என்ன?"

"கணினிக்கு அதுதான் உயிர். அது இல்லாவிட்டால் வெறும் பெட்டி. விண்டோஸ் உண்டு, மேக் உண்டு. இவள் வைத்திருப்பதோ லினக்ஸ். சும்மா கிடைப்பது! அரண்மனைக்கு இது அழகா?"

சும்மா கிடைப்பது என்றதும் மன்னருக்குச் சுருக்கென்றது. அஞ்சுகத்தைக் கூப்பிட்டார்.

"மூன்றில் ஒன்றை நாளைக்குச் சபையில் சொல். அதைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொல்லக் கூடாது. ஒரே ஒரு குறை எழுந்தாலும் உன் வேலை பிரதானியின் மருமகனுக்கு. நீ யானைக் கொட்டாரத்தில் லத்தி அள்ளப் போ."

அஞ்சுகம் யோசித்தபடியே திரும்பினாள். எதைச் சொல்வாள்? படம் வரைகிறவர்கள் மேக்கைத்தான் கொண்டாடுவார்கள். விண்டோஸ் என்றால் கணக்கர் முதல் காவல்காரர் வரை எல்லோருக்கும் பழக்கம். லினக்ஸோ, பக்கத்தைச் சேமித்து உலகத்துக்குக் கொடுக்கும் பெரிய கணினியிலும் அதுவே ஓடுகிறது. தன் மேசைக் கணினியில் சரியாக வரும் பக்கம் அங்கேயும் சரியாக வரும். மூன்றிலும் வேலை நடக்கும். மூன்றிலும், தேடுகிறவருக்குக் குறையும் கிடைக்கும். பிரதானி தேடாமலா இருப்பார்?

இராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டபோதுதான் ஒன்று தோன்றியது. சிரித்துக்கொண்டே படுத்துவிட்டாள்.

மறுநாள் சபை கூடியது. அஞ்சுகம் தன் கணினியையும் கொண்டுவந்து வைத்திருந்தாள். பிரதானி கையில் மூன்று ஓலைச் சுருள்கள். அவள் எதைச் சொன்னாலும் அதற்கொரு பட்டியல்.

"லினக்ஸ், அரசே" என்றாள் அஞ்சுகம்.

பிரதானி ஒரு சுருளை விரித்துத் தொண்டையைச் செருமினார். "இதில் குறைகள் மொத்தம் இருபத்தேழு. முதலாவது..."

"ஒரு நிமிஷம், பிரதானி ஐயா. அரசே, நம் ஊரில் தேரை இழுப்பதற்கு மூன்று நாள் முன்பே தெருவில் நிறுத்துகிறோம். யாரும் குறை சொல்லலாம். அதற்கு ஒரு கட்டு உண்டல்லவா?"

"உண்டு. குறை சொன்னவரே உளியை எடுத்துச் சரிசெய்ய வேண்டும். முன்னோர் போட்ட கட்டு. அதற்கு முன்னால் குறை கேட்டுக் கேட்டே இரண்டு வருஷம் தேர் நிலையை விட்டு நகரவில்லையாம்."

"தேருக்கு மட்டும்தானா?"

"திருவிழாவுக்கென்று செய்கிற எல்லாவற்றுக்கும்தான். போன வருஷம் புளியோதரையில் உப்பில்லை என்ற சேனாதிபதி, மூன்று அண்டா கிளறினாரே!"

சேனாதிபதி தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"அப்படியானால் திருவிழாப் பக்கத்தைச் செய்கிற இயங்குதளத்துக்கும் அந்தக் கட்டு உண்டுதானே, அரசே?"

"உண்டு" என்றார் மன்னர்.

பிரதானி துள்ளினார். "இது என்ன கூத்து! இயங்குதளத்தை நாம் எப்படித் திருத்துவது? செய்தவர்கள்தான் திருத்த முடியும்!"

"மற்ற இரண்டும் அப்படித்தான், ஐயா. நல்ல சரக்குதான், ஆனால் பூட்டி வருகிறது. குறையைச் சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். லினக்ஸ் அப்படியில்லை. அதன் நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. தெரிந்தவர் எவரும் திருத்திக்கொள்ளலாம்." கணினிக்கு முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "வாருங்கள். சில கோடி வரிகள்தான். திருவிழாவுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது."

திரையில் எறும்புச் சாரையாக எழுத்துகள் ஓடின. பிரதானி திரையைப் பார்த்தார். மன்னரைப் பார்த்தார்.

"உட்காரும்" என்றார் மன்னர்.

பிரதானி ஓலையைச் சுருட்டினார். "நேற்று வெளிச்சம் போதவில்லை, மகாராஜா. இப்போது பார்த்தால் குறை ஒன்றும் தெரியவில்லை."

"உம்முடைய மருமகனைக் கூப்பிடலாமா?"

"அவனுக்குக் காலையிலிருந்து உடம்பு சரியில்லை."

"வேறு யாராவது?"

சபை முழுவதும் விதானத்துச் சித்திரங்களை ரசித்துக்கொண்டிருந்தது.

"பேஷ்! ஒருவரும் குறை சொல்லவில்லை. வேலை உன்னுடையதுதான், அஞ்சுகம்!" மன்னர் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பிறகு ஆசையோடு இறங்கி வந்து திருவிழாப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"எல்லாம் அருமை. இந்தத் தலைப்பு எழுத்து மட்டும் கொஞ்சம்..."

அஞ்சுகம் முக்காலியை மெல்ல மன்னர் பக்கம் நகர்த்தினாள்.

மன்னர் முக்காலியைப் பார்த்தார். விசைப்பலகையைப் பார்த்தார்.

"...கொஞ்சம்கூடக் குறையே இல்லை என்று சொல்ல வந்தேன்!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில், கொட்டாரத்து யானைகள் திரும்பிப் பிளிறின.