கைக்கு எட்டாத வலி

கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பேராசிரியர் மருதப்பனுக்கு ஒரு மிதப்பு. கிராமத்து மருத்துவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திய அன்று, தறிப்பட்டறையில் வேலை செய்யும் நிறைமாதக்காரி ஒருத்தியைக் கட்டிலில் படுக்க வைத்தார்.

"கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். என் கை பட்டால் எல்லாம் தெரிந்துவிடும்" என்றபடி அவள் வயிற்றை அழுத்தினார். "பிள்ளைக்குத் தலை கீழே, முதுகு இடப்பக்கம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாமல் படு" என்று அதட்டினார். மருத்துவர்கள் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

எல்லாரும் முடித்ததும் அவள் மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்க ஐயா, உங்க கைக்கு எல்லாமே தெரியுங்களா?"

"தெரியும்."

"அப்ப எனக்கு எங்க நோவுதுன்னு சொல்லுங்க."

மருதப்பன் மறுபடி வயிற்றைத் தொட்டார், விலாவைத் தொட்டார், இடுப்பைத் தொட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் "இல்லீங்க" என்றாள்.

"உங்க கை தலைப்பக்கம் ஏறவே இல்லீங்களே. காலையில இருந்து மண்டையிடிங்க. கண்ணும் மங்கலாத் தெரியுது."

மருதப்பனுக்கு முகம் செத்துவிட்டது. தாமே இரத்த அழுத்தம் பார்த்தார். வலிப்பு வருமளவுக்கு ஏறியிருந்தது. பயிற்சிக்கு வந்த மருத்துவர்கள் பார்த்திருக்க, ஊசி போட்டு, பிரசவ அறைக்குத் தாமே தள்ளிக்கொண்டு ஓடினார்.

தாயும் பிள்ளையும் பிழைத்த பிறகுதான் அவளருகே போய் நின்றார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உன் பேர் என்னம்மா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"பூவாத்தாளுங்க. அப்பவே கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பனுங்க."