அலுக்காத இடப் பக்கம்

டெட்ராய்ட்டில் கார் வடிவமைப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. களிமண்ணில் முழு அளவுக்கு ஒரே கார் செய்து, இடப் பக்கம் ஒருவருக்கு, வலப் பக்கம் இன்னொருவருக்கு என்று விட்டுவிடுவார்கள். ஜெயித்த பக்கம்தான் பிறகு முழுக் காராகும்.

அப்படி ஒரு செடானின் இடப் பக்கம் தேவகோட்டைத் தேனப்பனுக்கு வந்தது. நீண்ட பானட், ஜன்னலடியில் தாழ்ந்த இடுப்புக் கோடு, பெரிய ஜன்னல். எந்தக் காலத்தில் பார்த்தாலும் கண்ணை உறுத்தாத அளவுகள். வலப் பக்கம் நோரா என்ற பெண்ணுடையது. அந்த வருஷத்து மோஸ்தர்படி கூரை வால்வரை சரிந்தது, ஜன்னல் ஒடுங்கியது. பின் சீட்டில் உட்காருகிறவர் தலையை எங்கே வைப்பார் என்று யாரும் கேட்கவில்லை.

வடிவமைப்புத் தலைவர் வால்டர் இருவருக்கும் வாக்குக் கொடுத்தார். "புதுக் கார் வாங்க நினைப்பவர்களைக் கூப்பிட்டு, எதை வாங்குவீர்கள் என்று கேட்போம். அவர்கள் சொன்னதுதான் முடிவு. ஒருவருக்குத்தான் இங்கே இடம்."

தோற்றால் வேலை போகும், வேலை போனால் விசாவும் போகும். தேனப்பனின் மனைவி உமையாள் கெஞ்சினாள்.

"ஏங்க, ஜன்னலைக் கொஞ்சம் சுருக்கிட்டாத்தான் என்ன? புள்ளைக படிப்பு பாதியில நிக்குமே."

"மனசு வரமாட்டேங்குதே," என்றான் அவன்.

பார்க்க வந்தவர்களில் மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் இடப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. தேனப்பனுக்கு உயிர் வந்தது. அவளோ வலப் பக்கத்துக்கு ஓட்டுப் போட்டாள்.

"ஏன் மேடம்?" என்றான் பதறிப்போய்.

"இதுதான் அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் என் பழைய காரும் இப்படித்தான் இருக்கிறது. இன்னும் அலுக்கவில்லை. இதையே எதற்கு மறுபடி வாங்குவேன்?"

ஏறக்குறைய எல்லோரும் அப்படியே ஓட்டுப் போட்டார்கள். வால்டருக்கும் உள்ளூர இடப் பக்கம்தான் பிடித்திருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தேனப்பனின் பக்கத்தைச் சுரண்டியால் வழித்தெடுத்தார்கள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். வேறென்ன செய்வான், பாவம்!

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாக்கைக் காத்த வால்டர், பிடித்ததை வாங்காத மார்கரெட், ஜன்னலைச் சுருக்காத தேனப்பன். இவர்களில் தவறு செய்தவர் யார்?

விடை: மார்கரெட் இல்லை. எதை வாங்குவாய் என்றுதான் கேட்டார்கள், எது அழகு என்று கேட்கவில்லை. வால்டரும் இல்லை. அழகைக் கேட்டு இடப் பக்கத்தைச் செய்திருந்தால், கார் விற்காமல் கம்பெனி படுத்திருக்கும். தேனப்பனின் வேலை அப்போதும் போயிருக்கும். தவறு செய்தவன் தேனப்பன்தான். அலுக்காத காரைச் செய்துவிட்டு, பழைய கார் அலுத்துப்போனவர்களுக்கு விற்கும் இடத்தில் சம்பளம் எதிர்பார்த்தான். இப்படிச் சொல்ல எனக்கே வயிறு எரிகிறது. எனக்கும் அந்த இடப் பக்கம்தான் பிடித்திருக்கிறது. என்ன செய்ய, எனக்குப் புதுக் கார் வாங்கும் உத்தேசம் இல்லை.