சாத்தனூருக்கு அஞ்சு பேர்

மூளையை வெயிலில் காயப்போட்டுவிட்டு எடுக்க மறந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. லால்குடியில் அவர்கள் ஒரு மன்றமே வைத்திருந்தார்கள். பெயர், கல்லும் மண்ணும் மன்றம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து எங்காவது போவார்கள். கல்லைப் பார்ப்பார்கள். கல்லின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வரும்போது ஆளுக்கொரு கல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கேட்டால் நிலவியல் என்பார்கள்.

தலைவர் மரியசூசை ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடியையும் விசிலையும் மட்டும் ஓய்வு பெற விடவில்லை. மருந்துக்கடை ரகோத்தமன், தட்டச்சு சொல்லிக்கொடுத்த அமிர்தவல்லி டீச்சர், கூட்டுறவு சங்கத்தில் உரம் நிறுக்கும் சிங்கமுத்து ஆகியோர் உறுப்பினர்கள். செயலாளர் தையல்நாயகி.

தையல்நாயகிக்குக் கல்லின் மேல் பெரிய மோகம் ஒன்றும் கிடையாது. அவளுக்கு வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளெல்லாம் அடுப்பங்கரைதான். புருஷன் தர்மலிங்கத்தை நம்பி எங்கேயும் கிளம்ப முடியாது. பஸ் புறப்பட்டு ரவுண்டானா வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். கையில் எலுமிச்சம்பழமும் மடியில் கேரிபேக்குமாக அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகும். அதனால் மாதத்தில் அந்த ஒரு நாள் கல்லைச் சாக்கிட்டுத்தான் அவள் வெளிக்காற்றைச் சுவாசித்து வந்தாள்.

ஊரடங்கு வந்தது. வேன் நின்றது. அடுப்பு நிற்கவில்லை.

புருஷன் வீட்டில், மகனும் வீட்டில். மகனுக்கு மாடி அறைதான் ஆபீஸ். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டே, காலி டம்ளரை மட்டும் கீழே நீட்டுவான். தையல்நாயகி காபி போட்டு முடிக்கும்போது டிபன் நேரம் வரும். டிபன் பாத்திரம் கழுவும்போது, "மத்தியானம் என்ன குழம்பு?" என்று தர்மலிங்கம் வந்து நிற்பார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பொழுது, யாரும் சோறு கேட்காத இடத்தில் இருக்க வேண்டும். அவள் சாமியிடம் வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் திருச்சியில் நிலவியல் பாடம் நடத்தும் நிலோஃபர் என்ற இளம் பேராசிரியை போனில் கூப்பிட்டாள். "மன்றத்தை நிறுத்தாதீங்க. போன் வழியாவே பேசலாம். நான் வாராவாரம் சொல்லித் தர்றேன்" என்றாள். பாவம், நல்ல மனசு. ஆட்களைத் தெரியாது.

முதல் பேச்சிலேயே, "நீங்க இப்ப உட்கார்ந்திருக்கிற பக்கமெல்லாம் ஒரு காலத்துல கடல் இருந்துச்சு" என்று சொல்லிவைத்தாள். சிங்கமுத்து எழுந்து போனவன், கூட்டம் முடியும்வரை திரும்பவில்லை. அரிசி மூட்டையையும் ஆட்டுக்குட்டியையும் மாடியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"போன கடல்டா அது, எதுக்கு மூட்டை தூக்குற?" என்று ரகோத்தமன் கேட்டார்.

"போனது திரும்பி வராதுன்னு என்ன சார் நிச்சயம்?"

"போய் எவ்வளவு நாளாச்சாம்?"

"பல கோடி வருஷம் ஆச்சாம்."

ரகோத்தமன் யோசித்தார். "அப்ப வர்ற நேரம்தான்" என்று சொல்லி, அவரும் மருந்துப் பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றினார்.

அடுத்த வாரம், "கையில இருக்கிற கல்லைப் படம் எடுத்து அனுப்புங்க. பக்கத்துல, எல்லாருக்கும் அளவு தெரிஞ்ச ஒரு பொருளை வையுங்க. அப்பத்தான் கல் எவ்வளவு பெரிசுன்னு எனக்குப் புரியும்" என்றாள் நிலோஃபர். அவள் போனபிறகு மன்றம் கூடி விவாதித்தது.

"பேனா வைக்கலாம்" என்றான் சிங்கமுத்து.

"என் பேனா எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியுமா?" என்றார் டீச்சர்.

"தெரியாது டீச்சர்."

"தெரியாத பொருளை எப்படி வைப்ப?"

தீப்பெட்டியும் இதே கேள்வியில் விழுந்தது. கடைசியில் ரகோத்தமன்தான் வழி கண்டுபிடித்தார். "நம்ம எல்லாருக்கும் அளவு தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. அது கார்டு சார்தான்."

மறுநாள் காலை ஆளாளுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, தங்கள் கல்லை மரியசூசை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்திலும் விறைப்பாக நின்று படம் எடுத்துக்கொண்டார். நிலோஃபர் அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்தாள்.

"சார், நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. கல் எங்க?"

"என் இடது செருப்பு ஓரத்துல பாருங்க மேடம்."

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே ஓடியிருப்பார்கள். அந்தப் பெண் ஓடவில்லை. அதற்கடுத்த வாரம் அவள் வாயிலிருந்து, தையல்நாயகி காத்துக்கொண்டிருந்த வார்த்தை வந்தது.

"ஞாயித்துக்கிழமை உங்களை எல்லாம் சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். முன்னாடி நான் போனப்ப எடுத்த வீடியோ இருக்கு. வீட்டை விட்டு நகர வேண்டாம். ஆனா நேர்ல போற மாதிரியே நினைச்சுக்குங்க. பாதியில காணாமப் போற பழக்கம் வேண்டாம். எத்தனை பேர் கிளம்புறோமோ அத்தனை பேர் திரும்பி வரணும். கார்டு சார், அது உங்க பொறுப்பு."

மரியசூசை நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

அன்று மாலையே தையல்நாயகி வீட்டில் அறிவித்தாள். "ஞாயித்துக்கிழமை நான் ஊர்ல இல்லை."

"எங்க இருப்ப?" என்றார் தர்மலிங்கம்.

"சாத்தனூர்ல."

"போன்லதான போறீங்க? நீ ஹால்லதான இருப்ப?"

"உடம்பு ஹால்ல இருக்கும். நான் சாத்தனூர்ல இருப்பேன்."

தர்மலிங்கம் இதை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். "அப்ப சமையல்?"

"உடம்பு மட்டும் எப்படிங்க சமைக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. உளுந்து எவ்வளவு போடணும் என்று அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஞாயிறு விடிந்தது. தையல்நாயகி தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, செருப்பு மாட்டி, புளிசாதம் கட்டி, தண்ணீர் பாட்டிலோடு ஹால் சோபாவில் வந்து அமர்ந்தாள். வழியில் போலீஸ் மறித்தால் என்ன செய்வது என்று மரியசூசை ஒரு வெள்ளைத்தாளில் தானே பாஸ் எழுதி, தானே கையெழுத்தும் போட்டிருந்தார். அஞ்சு பேர் போக, அஞ்சு பேர் வர.

கிளம்பும்போதே தகராறு. போன் திரையில் ஆளுக்கொரு கட்டம் இருந்தது அல்லவா, டீச்சருக்கு ஓரத்துக் கட்டம்தான் வேண்டுமாம். காற்று வருமாம். "என் போன்ல நீங்க நடுவுலதான் இருக்கீங்க" என்று சிங்கமுத்து சொல்லப்போக, "அப்ப நீ எழுந்து இடம் குடு" என்றார் டீச்சர். அவன் எழுந்து நின்றான். கடைசிவரை நின்றுகொண்டேதான் வந்தான்.

வீடியோவில் சாலை ஓடியது. கார் குலுங்கியபோதெல்லாம் படமும் குலுங்கியது. சமையலறைக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்த தர்மலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தைத் தேடினார்.

கல்மரம் வந்தது. ஓடைப்பக்கம் நீளமாகப் படுத்துக் கிடந்தது. மரமாக இருந்து, மண்ணில் புதைந்து, கோடிக்கணக்கான வருஷத்தில் கல்லாகிப்போனது என்று நிலோஃபர் அழகாக விளக்கினாள்.

"இத்தனை வருஷமா யாரும் அதைத் தூக்கி நிறுத்தலையா மேடம்?" என்றான் நின்றுகொண்டிருந்த சிங்கமுத்து.

தையல்நாயகி அங்கேயே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டாள். "ஏம்மா, உப்புமாவுல கட்டி விழுந்துருச்சு" என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. அவள் காதில் விழவில்லை. சாத்தனூர் எங்கே, லால்குடி எங்கே. அவ்வளவு ருசியான புளிசாதத்தை அவள் சமீபத்தில் சாப்பிட்டதே இல்லை.

சுற்றிக்காட்டி முடித்ததும், தனக்கு அடுத்த வகுப்பு இருப்பதாகச் சொல்லி நிலோஃபர் விடைபெற்றாள். "எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேருங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டும் போனாள்.

மரியசூசை கொடியைக் கையில் எடுத்தார். ஆட்களை எண்ணினார். முகம் மாறியது. மறுபடி எண்ணினார்.

"வண்டி கிளம்பாது" என்றார். "ஒரு ஆள் கூட இருக்கு."

"என்ன சார் சொல்றீங்க?"

"கட்டத்துல அஞ்சு பேர். என்னையும் சேர்த்தா ஆறு. தன்னை விட்டுட்டு எண்ணுறவன் மடையன். சர்வீஸ்ல நான் கத்துக்கிட்ட முதல் பாடம் அது."

ரகோத்தமன் எண்ணினார். கட்டத்தில் அஞ்சு, தன்னோடு ஆறு. டீச்சர் எண்ணினார், ஆறு. சிங்கமுத்து விரல்விட்டு எண்ணினான், அவனுக்கும் ஆறுதான். இந்த மண்டூகங்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தையல்நாயகி தானே எண்ணினாள். அவள் கான்வென்டில் படித்தவள், கணக்கில் எப்போதும் முதல். அவளுக்கும் ஆறு வந்தது.

"பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க" என்றாள்.

மரியசூசை கூப்பிட்டார். அஞ்சு பேரும் ஆஜர் சொன்னார்கள்.

"பேரைச் சொன்னா அஞ்சு, தலையை எண்ணினா ஆறு. அப்ப ஒருத்தருக்குப் பேர் இல்லை" என்றார் ரகோத்தமன்.

"கல்மரத்துக்கிட்ட ஒரு ஆள் குடையோட நின்னாரே, அவரு ஏறியிருப்பாரோ?" என்றான் சிங்கமுத்து.

"பார்த்தா எல்லாம் நம்ம ஆளுங்க மாதிரிதான்யா இருக்கு" என்றார் ரகோத்தமன்.

"அதான் சார் ஆபத்து. அறிகுறி இல்லாதவங்களாலதான் பரவுதுன்னு டிவியில சொல்றாங்க."

எல்லோரும் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

"பாஸ் அஞ்சு பேருக்குத்தான்" என்றார் மரியசூசை. "ஆறு பேரா ஊருக்குள்ள நுழைஞ்சா தெருவையே தகரம் வச்சு அடைச்சிருவாங்க. வந்தவன் யாரா வேணும்னாலும் இருக்கட்டும். எண்ணிக்கை அஞ்சா இருக்கணும். யாராவது ஒருத்தர் இங்கேயே இறங்கிக்குங்க."

கார்டு இல்லாமல் வண்டி நகராது. ரகோத்தமனுக்குக் கடை இருந்தது. டீச்சர் பாலுக்கு உறை ஊற்றிவிட்டு வந்திருந்தார். சிங்கமுத்துவின் ஆட்டுக்குட்டி மாடியில் இருந்தது, இறக்க ஆளில்லை.

தையல்நாயகி தலையைத் திருப்பினாள். சமையலறையில் தொட்டி நிறையப் பாத்திரம் கிடப்பது சோபாவிலிருந்தே தெரிந்தது. மாடியிலிருந்து ஒரு காலி டம்ளர் கீழே நீண்டது. "ஏம்மா, ராத்திரிக்கு தோசையா, சப்பாத்தியா?" என்றது தர்மலிங்கத்தின் குரல்.

"நான் இருந்துக்கறேன்" என்றாள் தையல்நாயகி.

"அக்கா, தனியா எப்படிக்கா?" என்றான் சிங்கமுத்து.

"நாலு பேர் நல்லா இருக்கணும்னா ஒருத்தர் கஷ்டப்படத்தான் வேணும். போயிட்டு வாங்க." சிவப்புப் பொத்தானைத் தொட்டாள்.

மரியசூசை எண்ணினார். கட்டத்தில் நாலு, தன்னோடு அஞ்சு. சரியாக இருந்தது. அடுத்த தெருவில் அவர் விசில் ஊதியது ஜன்னல் வழியாக நேராகவே கேட்டது. வண்டி போய்விட்டது.

தர்மலிங்கம் கரண்டியோடு வந்தார். "வந்தாச்சா?"

"வரலைங்க. என்னை சாத்தனூர்லயே விட்டுட்டாங்க."

அவர் அவளைப் பார்த்தார். காலில் செருப்பைப் பார்த்தார். அவசரமாக மரியசூசைக்குப் போன் போட்டார்.

"ஆமா சார், உங்க மிஸஸ் வண்டியில ஏறலை. நானே எண்ணிப் பார்த்துதான் கொடி காட்டினேன்."

"கூட்டிட்டு வர பாஸ் கிடைக்குமா சார்?"

"சாவு, கல்யாணம், வைத்தியம், இந்த மூணுக்குத்தான் தர்றாங்க."

"சமையலுக்கு?"

"அது அத்தியாவசியம்தான் சார். ஆனா இன்னும் சேர்க்கலை."

"அடுத்த மாசம் மன்றம் போறப்ப ஏத்திட்டு வந்துருவீங்களா?"

"அடுத்த மாசம் இமயமலை சார். வண்டி சாத்தனூர்ல நிக்காது."

தர்மலிங்கம் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். தோசைக்கல்லைப் போடும் சத்தம் கேட்டது. முதல் தோசை கல்லிலேயே ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது, ஏதோ முனகினார். அதற்கப்புறம் வெகுநேரம் சத்தமில்லை. தையல்நாயகி காலை நீட்டிக்கொண்டு, ஓடைப்பக்கக் காற்று வருகிறாற்போல ஃபேனைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.

கடைசியில் அவர் கிளம்பினார். முழுக்கைச் சட்டை, மாஸ்க், ஒரு கையில் டிபன் கேரியர், மறு கையில் எலுமிச்சம்பழம். சமையலறை வாசலில் சாமி கும்பிட்டுவிட்டு அடியெடுத்து வைத்தார். சாப்பாட்டு மேஜையைச் சமாளித்துத் தாண்டினார். பிரிட்ஜ் பக்கத்து வளைவில்தான் குமட்டிவிட்டது. நின்று, பழத்தை முகர்ந்து, கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொண்டு, மிச்சத் தூரத்தையும் வந்து சேர்ந்தார்.

கேரியரை அவளிடம் கொடுத்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி நாலு பக்கமும் பார்த்தார்.

"ஊர் நல்லாத்தான் இருக்கு" என்றார். "நம்ம வீட்டு ஹால் மாதிரியே."